ஆச்சியின் தலைக்கணக்கு

மதுரையிலிருந்து வந்திருந்த விற்பனைக்காரர் நாகேந்திரன் பலகையில் மூன்று கட்டம் போட்டார். மெய்யம்மை ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தாளாளர் அவர். பள்ளி அமராவதிபுதூரில், வீடு காரைக்குடியில். சாக்பீஸ் வாங்குவதாக இருந்தாலும் தனக்குப் புரிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

இன்றைக்கு அவருக்குப் புரிய வேண்டியது மென்பொருள் உரிமம்.

லேபில் ஓடிக்கொண்டிருந்த இலவச மாதிரி மென்பொருளுக்குக் கெடு முடிந்து, பாதி வகுப்பில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் தீபலட்சுமியாகிய என் மானம் அன்றோடு போயிற்று.

வாங்கும் குழுவில் நானும் கணக்கு வாத்தியார் ஆசைத்தம்பியும் இருந்தோம். அவருக்கு முக்கோணம், வட்டமெல்லாம் திரையில் வரைந்துகாட்ட ஒரு மென்பொருள் வேண்டும். எனக்கு எல்லாமே வேண்டும்.

ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். வேண்டுமென்றேதான். ஆளில்லாத வராந்தாவில்கூட "வணக்கம் சார்", "வணக்கம் டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மிச்சமெல்லாம் போனில்.

விஷயம் இதுதான். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அவர் வீட்டில் மரவேலை, எங்கள் வீட்டில் வயல். என் அப்பா பூமிநாதன் யார் பேச்சையும் கேட்கமாட்டார், ஆச்சி பேச்சைத் தவிர. ஆச்சி கோபத்தோடு அவர் காதில் போட்டால் என் வேலையும் போகும், கல்யாணமும் போகும். அதனால் ஆச்சிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்கு முழுநேர உத்தியோகமாக இருந்தது.

நாகேந்திரன் முதல் கட்டத்தைத் தட்டினார். கம்ப்யூட்டருக்கு ஒரு உரிமம். அதில் எந்த வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தாலும் சரி, அந்தப் பெட்டியைத் தாண்டி வெளியே போகாது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று. அதற்கு மேல் ஒருவர் திறந்தால் காத்திருக்க வேண்டும்.

"சலூன் கணக்கு," என்றார் ஆச்சி. "நாற்காலி காலியானாத்தான் அடுத்த ஆளு."

மூன்றாவது, தலைக்கணக்கு. ஆசிரியர்கள், ஆபீஸ்காரர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் வருடச் சந்தா. பிள்ளைகளுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

"வருசா வருசம் கட்டுனா அது வாடகைல்ல? வாங்குனதாகாதே."

நாகேந்திரன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, வாடகைதான் என்று ஒப்புக்கொண்டார். நிறுத்தினால் நின்றுவிடும், ஆனால் புதுப் பதிப்பு தானாக வந்துகொண்டிருக்கும் என்றார்.

"பாதி வருசத்துல ஒரு டீச்சர் போயிட்டா அந்தத் தல?"

புதிதாக வருகிறவருக்கு மாற்றிவிடலாம் என்றார் நாகேந்திரன். எனக்குச் சுருக்கென்றது. போகிற டீச்சர் யாரென்று முடிவாகிவிட்டதோ?

பயத்தை விழுங்கிக்கொண்டு மூன்றாவது வழிக்காக வாதாடினேன். பிள்ளைகளின் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி எத்தனையோ வீட்டில் சும்மா கிடக்கிறது. புதுவயல் மில்லில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள்கூட ராத்திரி வீட்டில் பழகலாமே என்றேன். ஆசைத்தம்பி தேவைக்கு அதிகமாகவே தலையாட்டினார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆச்சி பலகையில் மூன்றாவது கட்டத்தைக் கைகாட்டினார்.

"சரி, தலைக்கணக்கே இருக்கட்டும். இருவத்திரண்டுன்னு போடுங்க."

"இருபத்து நாலு ஆச்சி," என்றேன்.

"என்னத்தா நீ? எங்க கோயில் வரிக்குப் புருசன் பொஞ்சாதி சேந்து ஒரு புள்ளிதான். இதுவும் அப்படித்தான?"

நகரத்தார் கோயில்களில் அதுதான் வழக்கம். குடும்பத்தை எண்ணுவார்களே தவிர ஆளை எண்ணுவதில்லை. ஆச்சி பிறந்ததிலிருந்து பார்த்த தலைக்கணக்கு அது ஒன்றுதான்.

நாகேந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கம்பெனிக்கு அந்த வழக்கம் இல்லை, புருஷன் தனி, பெண்டாட்டி தனி என்று பணிவாகச் சொன்னார். அப்படியென்றால் தமிழம்மா சோலையம்மாளுக்கு ஒன்று, அவர் வீட்டுக்காரர் பி.டி. மாஸ்டர் மருதுபாண்டிக்கு ஒன்று. எங்கள் பள்ளியில் ஜோடியாக வேலை பார்ப்பவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நுழைந்தேன்.

"அவுக ரெண்டு பேரையும் ஒரு புள்ளியாப் போட்டாலும் இருபத்து மூணுதான ஆச்சி வரணும்? ஒண்ணு குறையுதே."

கணக்கு வாத்தியாருக்கு விடை உடனே வந்துவிட்டது. அவர் காது இரண்டும் சிவந்துபோயின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

இது எதுவும் தெரியாத நாகேந்திரன், "இன்னொரு ஜோடி யாருங்க ஆச்சி?" என்று பேனாவைத் திறந்தார்.

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. ஆசைத்தம்பியையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

"அவுகளுக்குத் தையிலதான் கல்யாணம். நேத்துத்தான் பூமிநாதன்ட்டப் பேசி முடிச்சேன். நீங்க கம்பெனிக்கு இருவத்து நாலுன்னே போட்டுக்கங்க தம்பி. எனக்கு இருவத்திரண்டுதான்."