காற்று இழுத்த பம்பு

"நீ இருடே பேச்சி, நான் போறேன். எனக்கு ஊர்ல துண்டு வயலாவது கெடக்கு. உனக்கு இப்பத்தான் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றான் உச்சிமாகாளி.

பேச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எந்த மனுஷன் இப்படிச் சொல்லுவான்? மலையாளக் கரையில், கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் சிபி முதலாளி நடத்தும் கார் கழுவும் கடையில் வேலைக்கு இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். மாதாமாதம் வந்துகொண்டிருந்த டாக்சிக்காரர்கள் வேறு கடைக்கு மாறிவிட்டதால் வருமானம் படுத்துவிட்டது. இனி ஒரு ஆள் போதும், யார் போவது என்று இன்றைக்கு நேரில் வந்து சொல்கிறேன் என முதலாளி போனில் சொல்லியிருந்தார்.

வேலை போனால் பேச்சிமுத்து கதி அதோகதிதான். போன மாதம்தான் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டிவந்து வாடகைக்கு ஓர் அறை பிடித்திருந்தான்.

அன்றைக்கென்று பார்த்து பிரஷர் வாஷர் பம்பு சண்டித்தனம் செய்தது. விசையை அழுத்தினால் தண்ணீர் ஒருசமயம் சீறிப் பாய்ந்தது, மறுசமயம் குழந்தை மூத்திரம் போலச் சொட்டியது. மோட்டார் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"மெஷின் படுத்துட்டுன்னு தெரிஞ்சா அந்தக் கோவத்துல ரெண்டு பேரையுமே வெரட்டிருவாரு. அவரு வாறதுக்குள்ள சரி பண்ணிருடே" என்றான் உச்சிமாகாளி. சொன்னானே தவிர, எழுந்து வரவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, தேய்த்த சட்டை கசங்காமல் பீடி புகைத்தான். ஊருக்குப் போகிறவன் எதற்குக் கையில் கறையாக்கிக்கொள்ள வேண்டும் என்று பேச்சிமுத்துவும் கூப்பிடவில்லை.

முதலில் குழாய் முனையிலிருந்த நாசிலைக் கழற்றிக் குண்டூசியால் குத்திப் பார்த்தான். அடைப்பு இல்லை. வடிகட்டி வலையை வெயிலில் தூக்கிப் பார்த்தான். அதுவும் சுத்தம்.

"காத்து இழுக்குது போலண்ணே. டேங்குல இருந்து வாற ஓஸைப் பாக்கட்டா?"

"அதெல்லாம் காலையிலயே நான் பாத்துட்டேன். ஓஸும் கிளிப்பும் கல்லு மாதிரி இருக்கு. இது உள்ள ரப்பர் சீல் போனதுதான். பம்பு ஹெட்டைக் கழட்டு."

பேச்சிமுத்து பம்புக்கு அடியில் தடவினான். பொட்டு ஈரமில்லை. "சீல் போயிருந்தா ஒழுகணும்லாண்ணே. அதுவும்போக, கம்பெனி ஆளத் தவிர யாரும் ஹெட்டைத் தொடப்பிடாதுன்னு முதலாளி சொல்லிருக்காருல்லா. தொட்டா வாரண்டி போயிருமாம்."

"எனக்குத் தெரியாததா? முதலாளி கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். சும்மா கழட்டுடே."

பேச்சிமுத்துவுக்கு மனசு ஒப்பவில்லைதான். ஆனால் இரண்டு பேருக்கும் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரே தெரு. கையைப் பிடித்து ரயிலேற்றிக் கூட்டிவந்து, தன் அறையிலேயே பாய் விரித்துக் கொடுத்தவன் உச்சிமாகாளி. வேலைக்குக் கூட்டிவந்தவன் பேச்சை இவர்கள் தெருவில் யாரும் தட்டுவதில்லை. தட்டினால் சங்கதி ஊருக்குப் போய், தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வரை வளர்ந்துவிடும்.

ஸ்பேனரை எடுத்தான், கழற்றினான். சீல்கள் புத்தம் புதிதாக இருந்தன. வால்வுகளில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி வால்வை நெம்பும்போது உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளி விழுந்து, உருண்டு, கார் கழுவும் மேடைக்கு அடியிலுள்ள சாக்கடைக்குள் போய்விட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவினான். சேறுதான் வந்தது.

"அண்ணே, ஸ்பிரிங் போச்சே. இனி மாட்ட முடியாதே."

"பதறாதடே. நான் இருக்கேம்லா."

மனசு கேட்காமல் பேச்சிமுத்து டேங்கு பக்கம் போய் ஓஸைத் தொட்டுப் பார்த்தான். கிளிப் விரலிலேயே சுற்றியது. ஓஸைக் கொஞ்சம் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"அண்ணே, கிளிப்பு லூசு. இது வழியாத்தான் காத்து இழுத்திருக்கு. ரெண்டு முறுக்குல முடிஞ்சிருக்கும்."

"அப்படியா" என்று உச்சிமாகாளி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

காலையிலேயே பார்த்தேன் என்றவனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? பாவம், வேலையை விட்டுப் போகிற கவலையில் அண்ணனுக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று பேச்சிமுத்து இரக்கப்பட்டான். தனக்காகத்தானே அந்த மனுஷன் போகிறான் என்று நினைத்தபோது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளைக் கார் ஒன்று உள்ளே வந்து நின்றது. சிபி முதலாளி இறங்கினார். சாக்கு விரிப்பில் துண்டு துண்டாகக் கிடந்த பம்பைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"எந்தாடே இது? யாரு இதைத் தொறந்தது?"

தோள்வரை சேறு வழிய நின்ற பேச்சிமுத்து உச்சிமாகாளி பக்கம் திரும்பினான். அண்ணன் சொல்லிக்கொள்வான் என்று அவன் முகத்தையே பார்த்தான்.

உச்சிமாகாளி வாளியிலிருந்து எழுந்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"தொடாத, தொடாதன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன் முதலாளி."