கூட ஒருவர்

“உன்கூட வர்ற ஆள் அப்பவே உள்ள போயாச்சு, கோரி. நீதான் லேட்டு.”

கிளப் வாசலில் விருந்தினர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த லாரிசா சொன்னதும் கோரி பென்னர் சிரித்தான். ஞாயிறு மதியக் கச்சேரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. கனடாவின் வினிபெக் நகர ராக் குழுக்களைப் பற்றி இலவசப் பத்திரிகையில் வாராவாரம் கிசுகிசு எழுதுகிறவன் என்பதால் எந்தக் கிளப்பிலும் அவனுக்கு டிக்கெட் கிடையாது. பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘கூட ஒருவர்’ என்று எப்போதும் இருக்கும்.

“நான் தனியாத்தானே வந்தேன்? என்னை நம்பி எந்த மகராசி வருவா?”

“மகராசி இல்ல, மகராசன். என் தம்பி.”

கோரியின் சிரிப்பு நின்றது.

லாரிசாவின் தம்பி தாராஸ், ‘கொசுப்படை’ குழுவின் கிடார்க்காரன். காணாமல் போய் இருபத்து மூன்று நாள். போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கோரியின் பத்தியில் அந்த நாலு வரி வந்தது.

‘கொசுப்படையின் கிடார்க் கொசு தண்டர் பே ஊர்ப் பக்கம் பறந்துவிட்டதாம்! தலையில் காதுமூடி வைத்த சிவப்புக் கம்பளித் தொப்பி, தோளில் சாய்ந்தபடி ஒரு பொன்னிறக் கூந்தல். பஸ் நிலையத்தில் பார்த்தவர்கள் கண்ணடிக்கிறார்கள். விளக்கைப் போட்டு வைத்துக் காத்திருக்காதீர்கள், மக்களே!’

விசாரிக்க வந்த போலீசிடமும் “ரெண்டு பேர் பாத்திருக்காங்க” என்று அடித்துச் சொன்னான். தேடல் நின்றது. “அது புளுகுன்னு நீயே எழுது கோரி, அவங்க திரும்பத் தேடுவாங்க” என்று லாரிசா நாலு தடவை கெஞ்சிப் பார்த்தாள். அவன் மசியவில்லை.

“தாராஸா? எப்ப வந்தான்?”

“கால் மணி நேரம் இருக்கும். இடது கையை நீட்டினான், முத்திரை குத்தி அனுப்பினேன். உன் கையைக் காட்டு.”

பழைய முத்திரையைக் காட்டி யாரும் நைசாக நுழைந்துவிடக் கூடாது என்பதால் அந்தக் கிளப்பில் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு புது முத்திரை. இன்றைக்குப் பச்சை ஆந்தை. காலையில்தான் லாரிசா அதன் உறையைப் பிரித்திருந்தாள். கோரியின் புறங்கையில் குத்திவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஏதாவது சொன்னானா?”

“வாயே திறக்கல. தொப்பி மேல பனி. இத்தனை ஹீட்டர் ஓடுது, அது கரையவே இல்லப்பா.”

கோரி உள்ளே ஓடினான். மேடையில் தாராஸின் கிடார் ஒலிபெருக்கியில் சாய்ந்து நின்றது. யாரோ இப்போதுதான் மீட்டிவிட்டு நகர்ந்ததுபோல் அதிலிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” டிரம்ஸ் வாசிக்கிற மார்செல் குச்சியால் அவன் முதுகில் தட்டினான். “அடுத்த வாரத்துக்கு எழுத எவனும் சிக்கலையா?”

“தாராஸ் வந்தானாமே...”

“இப்பத்தான் இங்க நின்னான். உன்னைத்தான் கேட்டான். ‘எனக்குக் குளிர் தாங்கல, நான் கோரி வீட்டுக்கே போறேன்’னான். உங்களுக்குள்ள எப்படா இவ்வளவு ஒட்டுறவு?”

கோரி கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் காருக்கு ஓடினான்.

வீட்டுக்குப் பத்து நிமிடம். கராஜ் கதவைத் தூக்கினான். மூலையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், ஒலிபெருக்கிகளை ஏற்றிப் போகிற பெரிய கறுப்புப் பெட்டி. ஜனவரியில் இந்த ஊர் மண் இரும்பு. ஏப்ரல் வரை கடப்பாரை இறங்காது. அதுவரைக்கும்தான் இந்தப் பெட்டி.

இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன. அவனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் திறந்து பார்க்காமல் போக மனம் விடவில்லை. சாவியைத் திருகி மூடியைத் தூக்கினான்.

தாராஸ் உள்ளேதான் இருந்தான். மடக்கி வைத்த அதே கோலத்தில், சிவப்புத் தொப்பியோடு.

“கையை மேல தூக்குங்க, மிஸ்டர் பென்னர்.”

கராஜ் வாசலில், அவன் காரைத் தொடர்ந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் லாரிசா.

“அந்தத் தொப்பி நான் பின்னினது, கோரி. அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் அவன் தலையில மாட்டிவிட்டேன். அதோட போனவனை அப்புறம் யாருமே பாக்கல. நேத்து உன் பத்தியைத் திரும்பப் படிக்கறப்பதான் உறைச்சுது, உனக்கு மட்டும் அது எப்படித் தெரியும்னு. அதான் ‘வந்துட்டான்’னு ஒரு பொய். மார்செலும் நல்லாவே நடிச்சான்.”

“அவனைப் பத்தி முன்னாடி நான் எழுதின ஒரு பொய்யை வாபஸ் வாங்கச் சொல்லி வீட்டுக்கே வந்து கத்தினான். தள்ளினேன். படியெல்லாம் பனி...” கோரியின் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. “அது இருக்கட்டும் லாரிசா. சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நீ எப்ப இவனுக்குக் குத்தினே?”

“எதை?”

லாரிசா கிட்டே வந்து குனிந்தாள். அவள் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. முத்திரை அங்கேதான் இருந்தது.

தாராஸின் இடது புறங்கையில் பச்சை ஆந்தை. அந்தக் குளிரிலும் மை உறையாமல் ஈரமாகவே இருந்தது.