குட்டை நெல்லின் சதி

புதிதாக வந்த குட்டை நெல்லுச் சோறு தின்றால் ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று குத்தாலம் பக்கம் ஒரு பேச்சு பரவியது.

“மிராசுதாருங்க சதி இது! நாளைக்குக் கொடி பிடிக்க நம்ம வம்சமே இருக்கக் கூடாதுன்னு பாக்குறானுங்க” என்று கூலி நெல்லை வாங்க மறுத்தார் விவசாயச் சங்கத்து முருகையன்.

வீடு வீடாக விசாரித்த விவசாய ஆபீசர், பேச்சைக் கிளப்பியது நடவு நடும் செவ்வந்தி என்று கண்டுபிடித்தார்.

“ஏம்மா இப்படிப் புளுகுனே?”

“எட்டு வருசமா எனக்குப் புள்ளையில்லைங்க. மாமியா எம் புருசனுக்கு வேற பொண்ணு பாத்துட்டாங்க. பழி நெல்லு மேல போனதும் கல்யாணத்த நிறுத்திட்டாங்க.”

ஆபீசர் குழம்பினார். “இந்த நெல்லு ஊருக்கு வந்தே ஒரு வருசந்தானே ஆவுது?”

செவ்வந்தி குரலைத் தாழ்த்தினாள். “அத இதுவரைக்கும் ஊர்ல ஒருத்தரும் கேக்கலைங்க. நீங்க கேட்டுக் கெடுத்துடாதீங்க.”