ஓலையில் வராத பேர்

"வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கணும், ஏசம்மா. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு பாதிரியார் சொல்லும்போது யார் பேரைச் சொல்லணும்? உன் பேரா, எங்க ஆத்தா பாத்திருக்க பிள்ளை பேரா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் கஜானா வாசலில் இருதயம் கேட்டான். ராஜபாளையம் மில்லில் பஞ்சுக் கட்டுச் சுமக்கிறவன். கேட்டுக் கேட்டு அலுத்தவன்.

அவள் வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். தோளில் குழந்தை ஜெயபாய் தூங்கியது. பர்மாச் சண்டையில் பிள்ளையின் அப்பா பொன்னுராசு செத்த சேதிக்குப் பின்னால் அவர்கள் ஊர் கான்சாபுரத்துக்கு வந்த சர்க்கார் ஆள், மடியில் இந்தப் பச்சைப் பிள்ளையோடு இருந்தவளைப் பார்த்து, தானே எல்லாம் எழுதி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதமே அவள் ராஜபாளையத்துக்குக் குடிவந்துவிட்டாள்.

"கல்யாணம் கட்டுனா மாசாமாசம் வர்ற பென்ஷன் பணம் நின்னுபோகும். இவ அப்பா உசிரைக் கொடுத்த பணம்."

"பிள்ளைய நான் பாத்துக்கிட மாட்டனா?"

"மில்லுல எப்ப நிப்பாட்டுவானோன்னு நீங்கதான சொல்லுதீக."

இருதயம் கசப்பாகச் சிரித்தான். "உசிரோட இருக்கவன்கூடன்னா மல்லுக்கட்டலாம். செத்தவன்கூட எப்படிக் கட்ட?"

"என் பேரை எப்படிச் சொல்லச் சொல்லுவேன்?" என்றாள், தரையைப் பார்த்து. "அந்தப் பிள்ளை பேரையே சொல்லச் சொல்லுங்க."

அவன் ஜெயபாயின் தலையைத் தடவிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தான்.

உள்ளே அவளுக்கு முன்னால் ஆண்டிச்சாமி என்று ஒருவர், கைப்பிள்ளையோடு கும்பிட்டு நின்றார். பிள்ளையின் தகப்பன் பட்டாளத்தில் செத்தவர். இப்போது பிள்ளையின் தாயான ஆண்டிச்சாமியின் அக்காளும் காலராவில் போய்விட்டாளாம். இனிமேல் பணம் வராதா என்று கேட்டார்.

குமாஸ்தா ஐயாதுரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எவன்யா சொன்னான் வராதுன்னு? தாய் போனா பிள்ளை பேருக்கு வரும். வளக்கிறவுக கைநாட்டு வச்சு வாங்கிக்கிடலாம்."

"எனக்குச் சம்சாரம் இருக்கு, எசமான்."

"இருந்துட்டுப் போகட்டும். உம்ம கல்யாணத்துக்கும் பிள்ளை பணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

பின்னால் நின்ற அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"பொன்னுராசு பெண்சாதி ஏசம்மாள்தான? மறுபடியும் கல்யாணம் காச்சி ஒண்ணும் இல்லியே?"

அவள் வாயைத் திறந்தாள். கதவோரம் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான். வெளியே ராஜபாளையம் பஸ் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"இல்லீங்க," என்று சொல்லிப் பெருவிரலை மையில் ஒற்றினாள்.

கல்யாணம் இல்லை என்றது பொய்யில்லை. ஏசம்மாள் பிள்ளையைப் பெற்ற படுக்கையிலேயே கண்ணை மூடிவிட்டாள். சர்க்கார் ஆள் வந்த அன்று அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தது, இன்றுவரை கழுத்தில் தாலியே ஏறாத அவள் தங்கை ஞானபாக்கியம்.