சாவ்போவுக்கு நாலு படம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தெய்வம் கூட விளையாட்டாகிவிட்டது என்று சம்ரான் கிழவர் முணுமுணுத்தார். தெய்வத்துக்குப் படம் காட்டுவதாக வேண்டிக்கொள்ளும்போது மண்ணில் விழுந்து அழுகிறார்கள். பலித்த பிறகு எதையாவது போட்டு ஒப்பேற்றப் பார்க்கிறார்கள். கோயில் கோயிலாகத் திரை கட்டி முப்பது வருஷமாகப் படம் காட்டுகிறவருக்குத் தெரியாதா!

“பொம்மைப்படமா? நாலுமா?” என்றார் மறுபடியும்.

“ஆமா பெரியப்பா. நீர்நாய் இளவரசன். நாலு பாகமும் வரிசையா, இன்னிக்கே ஓடணும்,” என்றாள் ரட்சனி. அவளுடைய ஒரு கையில் சோளப்பொரிப் பை, இன்னொரு கையில் சிவப்பு சோடா பாட்டில்கள்.

கிழவர் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார். ஊரின் காவல் தெய்வமான சாவ்போ, கையில் வாளோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

“இவரு சண்டைக்காரரும்மா. குதிரை, கத்தின்னு போட்டாதான் ரசிப்பாரு. நீர்நாய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?”

“இன்ன படம்னு சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். மாத்தக்கூடாது.”

“ரெண்டு பாகம் போட்டா போதும். அவரு என்ன விரலை மடக்கி எண்ணிக்கிட்டா இருக்கப் போறாரு? மூணாவது ஓடுறப்ப கொசுவும் நானும்தான் பாத்துக்கிட்டிருப்போம்.”

ரட்சனி சிரிக்கவில்லை. “மூணு பாகம் என் பொண்ணு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே பாத்துட்டா. நாலாவது அப்ப வரல. இளவரசன் வீட்டுக்குத் திரும்பினானா இல்லையான்னு கேட்டு என் உசிர எடுப்பா. முதல்லேர்ந்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல காட்டறேன்னு சொல்லியிருக்கேன், பெரியப்பா. நாலாவத விட்டுட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?”

கிழவர் திரைக் கயிற்றை இறுக்கினார். திரை, வழக்கம்போல, கோயில் வாசலைப் பார்த்து நின்றது. தெய்வத்துக்குக் காட்டும் படம். தெருவில் போகிறவன் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன.

“பாட்டு வந்தா ஓட்டி விட்டுடாதீங்க,” என்றாள் அவள். “பாட்டுலதான் அவ கை தட்டுவா. பாகத்துக்குப் பாகம் கால் மணி இடைவேளை வேணும். சத்தமும் நல்லா வைங்க. ஆஸ்பத்திரியில சத்தமே வைக்க விடல.”

“நீ என்ன, சினிமாக் கொட்டகை மேனேஜரா?” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, “பொண்ணுக்கு என்ன சீக்கு?” என்று கேட்டார்.

“எலும்புல. ஏழு வயசு. கோராட் டவுன் ஆஸ்பத்திரியில பதினோரு மாசம் கிடந்தா. போர்வை பட்டாக்கூட அலறுவா.”

“இப்ப?”

“இப்ப வலி இல்ல. ஊசி, மருந்து எல்லாம் நிறுத்தியாச்சு.”

“ம். டாக்டர் பாடுபட்டிருப்பான், பேரு இவருக்கு,” என்று கிழவர் வாசலைப் பார்த்து மோவாயை ஆட்டினார். அவர் மனைவி படுத்திருந்தபோது அவரும் இப்படியொரு வாசலில் பத்துப் படம் வேண்டிக்கொண்டவர்தான். ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து ஊதுவத்தியைக் கையால் தொட்டதில்லை. திரை கட்டுவது பிழைப்பு. கும்பிடுவது அவர் வேலையில்லை.

வெயில் இறங்கியது. திரைக்கு முன்னால் அவர் வரிசையாகப் போட்டிருந்த ஐந்து சிவப்பு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ரட்சனி ஒரு குட்டி நீல நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். அதன்மேல் சோளப்பொரியைப் பிரித்து வைத்தாள்.

கிழவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்மா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அது சாவ்போவும் அவரோட ஆவிங்களும் உக்கார்ற வரிசை. உசிரோட இருக்கறவங்க உக்காந்தா ஆகாது. புள்ளயப் பின்னால பாய விரிச்சு உக்கார வை!”

“தெரியும் பெரியப்பா.” அவள் சோடாவைத் திறந்து உறிஞ்சுகுழலைச் செருகினாள். “அதனாலதான் இங்க போட்டேன்.”

கிழவர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். அந்தக் குட்டி நாற்காலியைப் பார்த்தார்.

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை. தூக்கத்துலயே.”

அவருக்கு அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வந்தது. “அப்புறம் எதுக்கு இந்தாளுக்குப் படம்? கேட்டதக் குடுத்தாதான் செய்யணும், குடுக்கலன்னா ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. அதுதானே வழக்கம்! என்னையும் இப்படித்தான் ஏமாத்துனாங்க. நீ ஏம்மா இந்தக் கல்லுக்குப் போயி சோடா ஊத்திக்கிட்டு நிக்கிற? நான் திரையக் கழட்டறேன். நீ வீட்டுக்குப் போ.”

ரட்சனி ஒன்பது ஊதுவத்திகளைக் கொளுத்தினாள். கிழவர் திரும்பி, சாவ்போ பக்கம் பார்க்காமலே, தன் லாரியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். கல்லாவது, கேட்பதாவது!

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

“கேட்டதக் குடுத்துட்டாரு, பெரியப்பா. தூக்கத்துலயே கூட்டிட்டுப் போயிடுங்கன்னுதான் கேட்டேன்.”