பேரிங் கழலும் வரை

"அண்ணி, சக்கரத்தைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிக்கச் சொல்லுங்க அவர."

'அவர்' ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். தம்பி சொன்னது காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் அண்ணி வாசற்படியிலிருந்து, "உங்களத்தான், கெட்டியாப் பிடிக்கணுமாம்" என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் அண்ணன் பிடித்தார். கூடப்பிறந்தவனோடு பேச நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு இருந்தது.

பேச்சு நின்று ஒன்பது வருஷம். அப்பா போன பிறகு அவருடைய மோட்டார் சைக்கிள் பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. "இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது, பழைய இரும்புக்குப் போட்டுரலாமா" என்று ஒரு நாள் அண்ணன் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "அப்பாவையே தூக்கிப் போடுற மாதிரி பேசுற" என்று எழுந்து போன தம்பி, அதன் பிறகு இந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அண்ணன் வண்டியை இரும்புக்குப் போடவில்லை. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதும், ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்துத் தானே அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். பின்சக்கரத்துக்குள் இறுகிக் கிடந்த பேரிங் மட்டும் கழன்று வரமாட்டேன் என்றது. லேத் பட்டறை நடத்தும் தம்பிக்கு அண்ணி மூலம் சொல்லி அனுப்பினார். தம்பி ரோஷக்காரர்தான். ஆனால் அப்பா வண்டி ஆயிற்றே, வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக அண்ணியிடம் கறாராக ஒன்று சொன்னார்.

"பேரிங் கழண்டதும் கிளம்பிருவேன் அண்ணி. அதுக்கு மேல எனக்கு இங்க வேலை இல்ல."

இரண்டு மரக்கட்டைகளின் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்தார்கள். பேரிங் உட்கார்ந்திருக்கும் நடுக்குடத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் அது விரிந்து, பேரிங்கின் பிடி தளரும். உடனே மேலிருந்து கம்பியை வைத்து, இடம் மாற்றி மாற்றிச் சீராகத் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் தட்டினால் பேரிங் கோணிக்கொண்டு இன்னும் இறுகிவிடும். தம்பி முறைப்படிதான் தட்டினார். பேரிங் அசையவில்லை.

"நாளைக்கு வர்றேன் அண்ணி."

மறுநாளும் அசையவில்லை. மூன்றாம் நாள் எண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். நான்காம் நாள் அண்ணன் சுத்தியலை வாங்கித் தானே இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஸ்டாம்பு குத்துற மாதிரி குத்தாத" என்றார் தம்பி.

அண்ணியைத் தேடாமல், நேராக அவரைப் பார்த்தே சொன்னார். அண்ணன் சக்கரத்தின் மேல் குனிந்துகொண்டார். கண் கலங்கியதைத் தம்பி பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அதிலிருந்து சுத்தியல் சத்தத்துக்கு நடுவே பேச்சும் கேட்க ஆரம்பித்தது. ஆறாம் நாள் சாயங்காலம், கழற்றி வைத்திருந்த பெட்ரோல் டேங்கைத் தம்பி தடவிப் பார்த்தார்.

"இது மேல உக்காந்துதான நான் பள்ளிக்கூடம் போனேன். நீ பின்னாடி."

"எங்க உக்காந்த? தூங்கிட்டே வருவ. அப்பா கை ரெண்டும் ஹேண்டில்ல இருக்கும். நான் பின்னாடியிருந்து அப்பாவச் சுத்திக் கைய நீட்டி, உன் சட்டையப் பிடிச்சுக்கிட்டே வருவேன். போய்ச் சேர்றதுக்குள்ள கை மரத்துப் போயிரும்."

தம்பி கம்பியைக் கீழே வைத்தார். "அது அப்பா கைன்னுல்ல இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்."

"அப்பாவுக்கு மூணாவதா ஒரு கை இருந்துச்சா என்ன?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். டீயோடு வந்த அண்ணி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னுமா வரல அது? முப்பது வருஷமாப் பட்டறை நடத்துறவர்னு பேரு."

"அப்பா வண்டி அண்ணி. பிடிச்சா பிடிச்சதுதான்" என்ற தம்பி, டீயைக் குடித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். "இன்னைக்கு இது போதும். அண்ணா, கை கழுவக் கொஞ்சம் வெந்நி கொண்டா."

அண்ணா. அந்தச் சொல்லைக் கேட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று. அண்ணன் அடுப்படியில் தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வெந்நீரோடு திரும்பினார். தம்பி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு லீவுதான். காலைலயே வரவா?" என்றார்.

"வா. சாப்பாடு இங்கதான்" என்றார் அண்ணன்.

தம்பியின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், அண்ணன் தினமும் செய்வது போலச் சக்கரத்தைப் புரட்டிப் போட்டார். பேரிங் நழுவாமல் தடுக்க அடிப்பக்கத்தில் 'லாக்' என்று ஒரு கம்பி வளையம் இருக்கிறது, அதைக் கழற்றாமல் யானை வந்து உதைத்தாலும் பேரிங் வராது என்பதைத் தம்பிக்குச் சொல்லி அனுப்பும் முன்பே உதிரிபாகக் கடைக்காரர் அவருக்குச் சொல்லியிருந்தார். வெந்நீரில் உருகிப் போன கிரீஸை மறுபடி அப்பி, அந்த வளையம் தம்பியின் கண்ணில் படாமல் மறைத்து வைக்க வேண்டும்.

டப்பாவிலிருந்து கறுப்புக் கிரீஸை விரலில் வழித்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். வளையம் துளியும் தெரியாதபடி அங்கே ஏற்கெனவே யாரோ கிரீஸை அப்பியிருந்தார்கள். அது தம்பியின் பட்டறையில் வைத்திருக்கும் நீலக் கிரீஸ்.