துரட்டியோடு வந்தவர்

யோகராஜ் பழைய பிலிம் கேமராக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவன். புதிதாகக் கிடைத்த ஒன்றில், ஓட்டப்பிடாரம் கரிசல்காட்டில் ஆடு மேய்த்த பெண்ணை, அவளிடம் கேட்காமலே பத்துப் படம் எடுத்தான்.

"வே, நில்லும்வே!"

அவள் புருஷன், ஆட்டுக்குத் தழை பறிக்கும் துரட்டிக் கம்போடு ஓடி வந்தார். யோகராஜின் பைக் கிளம்பவில்லை. இந்தக் கேமரா உடைந்தால் இன்னொன்று கிடைக்காது. அதன் பின்பக்கத்தைத் திறந்தான். பிலிமை உருவி வெயிலில் காட்டினான்.

"அண்ணாச்சி, அடிச்சிராதீங்க! வெளிச்சம் பட்டுட்டு, இனி ஒரு படமும் தேறாது. கேமராவ மட்டும் விட்டுருங்க!"

அவர் மூச்சு வாங்க நின்றார்.

"ஒம்ம யாருவே அடிக்க வந்தா? கேமரா மூஞ்சில மாட்டுன மூடியக் கழத்தாமலேல்ல அத்தனையும் எடுத்தீரு! எம் பொண்டாட்டிதான், 'பாவம், வெயில்ல கெடந்து கஷ்டப்படுதாரு, ஓடிப்போய்ச் சொல்லுங்க'ன்னா."

யோகராஜ் கேமராவைத் திருப்பினான். கண் வைத்துப் பார்க்கும் துளை தனியாக இருந்ததால் அவனுக்குத் தெரியவே இல்லை. லென்ஸின் மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

"வேற பிலிம் இருக்கா? இந்தத் தடவ அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடும்."

யோகராஜ் நிமிர்ந்து பார்த்தான். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.